கூடப் பிறந்தவரா, கட்டி வந்தவரா?

(மதுரையில் கல்லூரி மாணவிகளும் அவர்களுடைய தாய்மார்களும் கூடியிருந்த அரங்கில், மகளிர் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு கேள்வி. கை தூக்க வேண்டாம், மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டால் போதும். உங்கள் அப்பத்தா எதனால் இறந்தார்? எத்தனை வயதில்?

அம்மாச்சியைப் பற்றிக் கேட்டிருந்தால் பாதிப்பேர் சொல்லிவிடுவீர்கள். அப்பத்தா என்றதும் ஒரு தயக்கம் வருகிறது. "வயசாகிப் போனாங்க" என்பீர்கள். எத்தனை வயது என்று பார்த்தால் ஐம்பத்திரண்டாக இருக்கும். "வயித்துல கட்டி" என்பீர்கள். இன்னும் பழைய வீடுகளில் "மகோதரம்" என்ற சொல் கிடைக்கும். வயிறு முழுக்க நீர் கோத்துக்கொண்டு, கைகால் குச்சியாகி, சாப்பாடு இறங்காமல் போனவர்களுக்கு அந்தப் பெயர். ஈரல் கெட்டவர்களும் அதில் உண்டு. ஆனால் குடியே அறியாத நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு மகோதரம் என்று கேள்விப்பட்டால் இன்றைக்கு என் கை தானாகப் பேனாவைத் தேடும். சினைப்பைப் புற்றுநோய் முற்றினால் வயிறு அப்படித்தான் ஆகும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தவறிலிருந்து. படிப்பு முடித்து வந்த புதிது. முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்று வந்தார். "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். "இல்லை" என்றே எழுதிக்கொண்டேன். அவருடைய அத்தைகள் இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டாமல் இதே வயிற்று வீக்கத்தில் போனவர்கள் என்பதை, அவர் இறந்து பல மாதம் கழித்து அவருடைய அண்ணன் வாயால் கேட்டேன். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட சொல் அவர்கள் வீட்டில் புழங்காத சொல். அதோடு, பெண்ணுக்கு வரும் நோய் அம்மா வழியில்தான் வரும் என்று அவர் நினைத்திருந்தார். அப்பாவின் தங்கைகள் அவர் கணக்கிலேயே இல்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அன்றைக்கு என் கணக்கிலும் இல்லை.

குடும்பத்துக்குத் தெரிந்தது மருத்துவருக்குத் தெரியாமல் போவது புதிதல்ல. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்கூறியல் மருத்துவர். அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பெண் ஒரு நாள் முகம் வாடியிருந்தார். என்னவென்று கேட்டதற்கு, "நான் சின்ன வயதிலேயே செத்துப்போவேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள்" என்ற பொருளில் சொன்னார். வார்த்தின் அதைப் புலம்பல் என்று தள்ளவில்லை. அந்தக் குடும்பத்தின் கிளைகளை எழுத ஆரம்பித்தார். 1913-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்துக்கு மருத்துவ நூல்களில் "குடும்பம் ஜி" என்று பெயர். தையல்காரப் பெண்ணோ, தான் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இளம் வயதில் இறந்தார்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் ஒமாஹா நகரத்தில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் வந்தார். இளமையில் குத்துச்சண்டை போட்டவர், விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த நோயாளி ஒருவர் அவரிடமும் ஏறக்குறைய அதே வாக்கியத்தைச் சொன்னார்: எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடல் புற்றில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாவேன். லிஞ்ச் அந்த உறவுகளைத் தேடிப் போனார். அப்போது புற்றுநோய்க்குக் காரணம் புகை, சாப்பாடு, சுற்றுச்சூழல் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். குடும்பம் என்று சொன்னவருக்கு ஆராய்ச்சிப் பணம் கிடைப்பதே பாடாக இருந்தது. வார்த்தின் விட்ட இடத்திலிருந்து "குடும்பம் ஜி"யை அவரும் ஆன் கிரஷ் என்ற சமூகப் பணியாளரும் தொடர்ந்து எழுதினார்கள். 1971-இல் கணக்குப் பார்த்தபோது 650-க்கும் மேற்பட்ட இரத்த உறவுகள், அவர்களில் 95 பேருக்குப் புற்றுநோய். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். தையல்காரப் பெண்ணின் குடும்பத்தில் உடைந்திருந்தது எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு என்று 2000-இல் ஆய்வகம் உறுதி செய்தது. அவர் வாயால் சொன்னதற்கும் ஆய்வகம் ஒப்புக்கொண்டதற்கும் நடுவே 105 வருடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குள் உறுத்திக்கொண்டே இருப்பது. இந்த நோயைக் குடும்பத்தில் அடையாளம் காண 1991-இல் ஒரு விதி வகுத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் விதி என்பார்கள். அதில் குடல் புற்று மட்டும்தான் கணக்கு. கர்ப்பப்பைப் புற்று கணக்கில் இல்லை. 1895-இல் அந்தப் பெண் தன் வாயாலேயே கர்ப்பப்பை என்று சொல்லியிருந்தும், விதிக்குள் அது நுழைய 1999 வரை காத்திருந்தது. லிஞ்ச் உள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குடலுக்கு முன்னால் கர்ப்பப்பையில்தான் நோய் தலைகாட்டுகிறது. அதைச் சரியாகக் கேட்டு வைத்தால் பின்னால் வரக்கூடிய குடல் புற்றையும் கொலோனோஸ்கோப்பி செய்து முன்கூட்டியே பிடிக்கலாம்.

சரி, மரபணு உடைவது என்றால் என்ன? உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட எழுத்துச் சுருள் இருக்கிறது. நான்கே எழுத்துகள். மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் மொழியிலேயே செய்து பார்ப்போம். "அவள் மகள் நகர் வலம்." ஒவ்வொரு சொல்லிலும் மூன்று எழுத்து. இப்போது முதல் சொல்லில் "வள்" என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிடுங்கள். ஆனால் மூன்று மூன்றாகப் படிப்பதை நிறுத்தக் கூடாது. "அமக ள்நக ர்வல ம்." எடுத்தது இரண்டு எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் உள்ள எல்லாம். மெய்யெழுத்தில் சொல் தொடங்குகிறது, தொல்காப்பியர் இருந்தால் எழுந்து போய்விடுவார். செல்லும் அப்படித்தான், கொஞ்ச தூரம் படித்துப் பார்த்துவிட்டுப் போதும் என்று நிறுத்திவிடும்.

இது வெறும் உவமை இல்லை. பிராக்கா-1 என்ற மரபணுவில் 185டெல்ஏஜி என்று ஒரு பிழை உண்டு. தொடக்கத்திலேயே இரண்டே எழுத்து விடுபட்டுப் போன பிழை. 1863 அமினோ அமிலங்கள் கோத்து முடிய வேண்டிய புரதம் 39-ஐ எட்டுவதற்குள் நின்றுவிடுகிறது.

அந்தப் புரதத்துக்கு வேலை பழுது பார்ப்பது. டி.என்.ஏ. ஏணி இரண்டு பக்கமும் முறிந்துபோனால், பக்கத்தில் உள்ள நல்ல நகலைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் ஒட்டுவது. பிராக்கா-2, ராட்51சி, ராட்51டி, பிரிப்1 எல்லாம் அதே பட்டறையின் ஆட்கள். லிஞ்ச் குடும்பத்து மரபணுக்கள் வேறு வேலை பார்க்கின்றன. அவர்கள் மெய்ப்புத் திருத்துகிறவர்கள். செல் பிரியும்போது படியெடுப்பில் விழும் எழுத்துப் பிழைகளைத் தேடித் திருத்துவார்கள். பட்டறை மூடிக்கிடந்தாலும், மெய்ப்புத் திருத்துகிறவர் வராவிட்டாலும் உடனே புற்றுநோய் வந்துவிடாது. பிழைகள் திருத்தாமல் சேர்ந்துகொண்டே போகும். அவற்றில் ஏதோ ஒன்று ஒரு நாள் செல்லின் கட்டுப்பாட்டை அறுத்துவிடும்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு இருக்கின்றன. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. சைக்கிளில் முன் பிரேக், பின் பிரேக் மாதிரி. இந்தக் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் பிறக்கும்போதே ஒரு பிரேக் அறுந்திருக்கிறது. வண்டி ஓடும், பல வருடம் நன்றாகவே ஓடும். மற்ற பிரேக்கும் ஏதாவது ஒரு செல்லில் அறுந்தால்தான் ஆபத்து. ஆல்ஃபிரட் நட்சன் என்பவர் 1971-இல் குழந்தைகளின் கண் புற்றை வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மற்றவர்களுக்கு இரண்டும் அறுவதற்கு ஆயுள் போதாமல் போகிறது. இவர்களுக்கு ஒன்று அறுந்தாலே ஆகிவிடுகிறது என்பதால் இளம் வயதிலேயே நோய் வருகிறது. நான் எப்போதும் வயதைக் கேட்பது அதனால்தான்.

பெற்றோரில் ஒருவருக்குப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. அப்பாவுக்குச் சினைப்பை கிடையாது, அதனால் நோய் அவரிடம் தெரியாமல் ஒளிந்து மகளிடம் வந்து வெளிப்படும். அப்பா ஒருவரே பிள்ளை, அவருக்கு அக்கா தங்கையும் இல்லை என்றால், அந்தக் குடும்பத்தில் நோய் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும்.

இங்கேதான் உறவுமுறைக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிப்போகிற உறவுகளை நாம் அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று பிரித்துச் சொல்கிறோம், நம் மொழி பரம்பரை நோய்க்கு வசதியான மொழி என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகு நோயாளிகளிடம் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, நம் சொற்கள் பிரிக்கிற மாதிரி மறைக்கவும் செய்கின்றன. "சித்திக்கு இருந்துச்சு டாக்டர்" என்கிறார். எந்தச் சித்தி? அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பா கட்டிக்கொண்டு வந்தவரும் சித்தி. முதலாமவர் உங்கள் இரத்தம். இரண்டாமவருக்கு என்ன நோய் வந்தாலும் உங்கள் மரபணுவுக்குச் சம்பந்தமில்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா தங்கையா, மாமன் பெண்டாட்டியா, மாமியாரா? நம் பக்கம் மூவருமே அத்தை. "அண்ணன்" என்கிறார், கூடப் பிறந்தவரா என்றால் பெரியப்பா மகன். அதனால் என் அறையில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கும்: "கூடப் பிறந்தவரா, கட்டி வந்தவரா?"

சில வீடுகளில் இந்தக் கேள்விக்கு "ரெண்டும்தான்" என்று பதில் வரும். அத்தை மகனைக் கட்டியிருப்பார்கள், தாய்மாமனையே கட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் இன்றும் திருமணங்களில் நாலில் ஒன்று சொந்தத்துக்குள்தான் நடக்கிறது. பரம்பரைப் படத்தில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் போடுவோம். சொந்தத்தில் கட்டினால் நடுவில் இரட்டைக் கோடு. சில படங்கள் மரம் மாதிரி விரியாமல் கோலம் மாதிரி வளைந்து வந்து தன்னிலேயே சேரும். கணவன் மனைவி இருவருக்குமே ஒரே பழுது இருந்து, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாகவே வந்தால், அது வேறு நோய். பிராக்கா-2 இரண்டும் உடைந்தால் ஃபேன்கோனி இரத்தசோகை. லிஞ்ச் மரபணு இரண்டும் உடைந்தால் குழந்தைப் பருவத்திலேயே மூளையிலும் இரத்தத்திலும் புற்றுநோய். அரிதுதான். ஆனால் குடும்பத்தில் பழுது இருப்பது தெரிந்தபின் சொந்தத்தில் பெண் எடுக்க நினைப்பவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

உறவுகளைக் கணக்கிட்டே பிராக்கா-1 மரபணு இருக்கும் இடத்தைப் பிடித்தவர் மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளர். மார்பகப் புற்று மிகுந்த 23 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, நோய் வந்தவர்களிடம் மட்டும் பொதுவாக இருக்கும் குரோமோசோம் துண்டு எது என்று பல வருடம் தேடினார். 1990-இல் அது 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று அறிவித்தார். நான்கு வருடம் கழித்து பிராக்கா-1 கையில் கிடைத்தது, அடுத்த வருடம் பிராக்கா-2. அவரைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி கடத்திக்கொண்டு போய் வேறு வீடுகளில் வளர்த்த குழந்தைகளை, அவர்களுடைய பாட்டிகளின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவரே. இரண்டு இடத்திலும் அவர் கேட்டது, யாருக்கு யார் இரத்தம் என்ற ஒரே கேள்வியைத்தான்.

பிராக்கா என்றால் எல்லோருக்கும் மார்பகம்தான் ஞாபகம் வருகிறது. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இல் மார்பகங்களை அகற்றிக்கொண்டதை உலகமே பேசியது. அதற்கு ஈராண்டு கழித்து அவர் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டார், அதைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. சினைப்பைப் புற்று பொதுவாக நம் நாட்டில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. பிராக்கா-1 பழுதானவர்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு 44 பேருக்கு வருகிறது, பிராக்கா-2 என்றால் 17 பேருக்கு. ஏறத்தாழ 10,000 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியிட்ட கணக்கு அது. லிஞ்ச் குடும்பத்தில் கர்ப்பப்பைப் புற்று, எந்த மரபணு உடைந்தது என்பதைப் பொறுத்து மாறும். எம்.எஸ்.எச்.2 உடைந்தால் 75 வயதுக்குள் கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு, பி.எம்.எஸ்.2 என்றால் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு. "லிஞ்ச் இருக்கிறது" என்று மட்டும் சொல்கிற அறிக்கை எனக்குப் போதாது, எந்த மரபணு என்று பெயர் வேண்டும். இவை தவிர ஊரில் பலருக்கும் இருக்கும் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு கடுகளவு ஏற்றும், இறக்கும். தனித்தனியாகப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

நான் முதலில் சொன்ன 185டெல்ஏஜிக்குத் திரும்புகிறேன். இது யூதர்களின் பிழை என்று உலகம் அறியும். ஐரோப்பிய யூத வழியினரில் நாற்பது பேருக்கு ஒருவர் பிராக்காவின் மூன்று பழம்பிழைகளில் ஒன்றைச் சுமக்கிறார். இது அவற்றில் முதலாவது. அடையாறு புற்றுநோய் நிலையத்தார் தென்னிந்தியக் குடும்பங்களைச் சோதித்தபோது அதே பிழை இங்கேயும் அடிக்கடி வந்தது. யூதர் யாரும் இல்லாத குடும்பங்களில்! கொச்சியில் யூதர்கள் வந்து இறங்கிய கதையோடு முடிச்சுப்போட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தில் அந்தப் பிழையைச் சுற்றியுள்ள எழுத்துகளை ஒப்பிட்டபோது, இங்கே அது தனியாக உண்டான பிழை என்று தெரிந்தது. கைதவறுகிற இடம் ஒன்றாக இருந்தால் இரண்டு ஊர் எழுத்தர்களும் அதே இடத்தில்தான் தவறுவார்கள். அடையாறு என்றதும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஞாபகத்துக்கு வருகிறார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து முளைத்து 1954-இல் எழுந்ததுதான் அந்த மருத்துவமனை.

இந்தியாவின் பல மருத்துவமனைகளில் சினைப்பைப் புற்று வந்த இருநூற்றுச் சொச்சம் பெண்களைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு பிராக்கா பழுது. நாலில் ஒருவர்! இவர்களில் பலருக்குக் குடும்பத்தில் நோய் இருந்த பேச்சே இருக்காது. அதனால், பரவலாகக் காணப்படும் எபிதீலியல் வகைச் சினைப்பைப் புற்று வந்த ஒவ்வொருவரும், வீட்டில் யாருக்கும் இல்லாவிட்டாலும், பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பதே இன்றைய விதி.

பரிசோதனை என்றால் கொஞ்சம் இரத்தமோ எச்சிலோதான். ஆனால் யாரிடம் எடுப்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. நோய் வந்தவரை முதலில் சோதிக்க வேண்டும். அம்மா நோயோடு இருக்க, மகளை மட்டும் சோதித்து "இல்லை" என்று வந்தால் அதற்கு என்ன பொருள்? அம்மாவின் பழுது மகளுக்கு வரவில்லையா, அம்மாவிடமே பழுது இல்லையா, அல்லது அந்தச் சோதனை தேடாத மரபணுவில் பழுதா? ஒன்றும் சொல்ல முடியாது. அம்மாவிடம் இன்ன இடத்தில் இன்ன பிழை என்று தெரிந்துவிட்டால், மகளிடம் அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். அங்கே இல்லை என்றால் இல்லைதான். நிம்மதியாகப் போகலாம்.

அறிக்கையில் "பொருள் தெளியாத மாற்றம்" என்று வரும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் பொருள் கெட்டதா இல்லையா தெரியவில்லை என்று அர்த்தம். "கறுப்பு" என்று எழுதினாலும் "கருப்பு" என்று எழுதினாலும் பொருள் போகவில்லை. "மழை" என்பது "மலை" ஆனால் போய்விட்டது. ஆய்வகத்தின் அகராதி பெரும்பாலும் ஐரோப்பியரின் மரபணுவை வைத்து எழுதப்பட்டது. அதனால் நம்மவர்களுக்கு இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. இதை வைத்துக்கொண்டு யாரும் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழுது உறுதி என்றால் என்ன செய்வது? வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பெண்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. சி.ஏ.125 என்ற இரத்தச் சோதனை, ஸ்கேன் இரண்டையும் வருடக்கணக்கில் செய்து பார்த்தார்கள். 2021-இல் முடிவு சொன்னார்கள்: சாவு குறையவில்லை. காரணத்தின் தடயம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. நாம் சினைப்பைப் புற்று என்று பெயர் வைத்திருக்கிற நோய் பெரும்பாலும் தொடங்குவது சினைப்பையிலேயே இல்லை. பிராக்கா உள்ள பெண்களிடமிருந்து முன்கூட்டியே எடுத்த உறுப்புகளை நெதர்லாந்து மருத்துவர்கள் நுணுக்கமாக அறுத்துப் பார்த்தார்கள். 2001-இல் எழுதினார்கள்: கெட்ட செல்கள் இருப்பது கருக்குழாயில். பிறகு பாஸ்டனில் அதன் நுனி, குஞ்சம் போல விரிந்திருக்கும் பகுதி, அங்கேயே முளை விடுகிறது என்று காட்டினார்கள். அங்கிருந்து உதிர்ந்து சினைப்பையிலும் வயிற்று உறையிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஸ்கேனில் தெரியும்போது வயிறு முழுக்கப் பரவியிருக்கும்.

அதனால்தான் பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு, பிராக்கா-1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிராக்கா-2 என்றால் 40 முதல் 45-க்குள் குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடச் சொல்கிறோம். சினைப்பைப் புற்று வரும் ஆபத்து நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் குறைகிறது. முழுவதும் போய்விடாது, வயிற்று உறையில் அபூர்வமாக வரலாம். அந்த ஆபரேஷன் சும்மா இல்லை. மாதவிடாய் அன்றைக்கே நின்றுபோகும். உடல் எரியும், தூக்கம் போகும், எலும்பு தேயும், இதயத்துக்கும் கெடுதல். மார்பகப் புற்று வராதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். குழாயை மட்டும் இப்போது எடுத்துவிட்டு, சினைப்பையைச் சில வருடம் கழித்து எடுத்தால் போதுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. கருத்தடை மாத்திரை சில வருடம் சாப்பிட்டாலும் சினைப்பை ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. லிஞ்ச் பெண்களுக்குக் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பதைப் பற்றிப் பேசுவோம். அவர்களுக்கு ஒன்று சாதகம்: கர்ப்பப்பைப் புற்றைச் சீக்கிரமே இரத்தப்போக்கு காட்டிக்கொடுக்கும். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் வந்து காட்டுங்கள். இதை எல்லா அம்மாக்களுக்கும் சொல்கிறேன்.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்த அறிவு உதவுகிறது. பிராக்கா உடைந்த புற்றுச் செல்லுக்கு ஒரு பழுதுப் பட்டறை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. இன்னொரு சின்னப் பட்டறையை நம்பிப் பிழைக்கிறது. அதையும் மருந்தால் மூடினால் செல் செத்துவிடும், நல்ல செல்லுக்குப் பெரிய கேடில்லை. 2005-இல் பிரிட்டனில் கண்ட இந்த வழியிலிருந்து ஒலாபரிப் என்ற மாத்திரை வந்தது. 2018-இல் வெளியான ஆய்வில், முற்றிய சினைப்பைப் புற்றுக்கு முதல் சிகிச்சை முடிந்ததும் இதைச் சாப்பிட்ட பிராக்கா பழுதுள்ளவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது சாகும் ஆபத்து 70 விழுக்காடு குறைந்தது. சினைப்பைப் புற்றில் நான் பார்த்த நல்ல செய்திகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. இது அவற்றில் ஒன்று.

கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றி யாராவது கேட்பீர்கள். அது இந்தக் கதையே இல்லை. கர்ப்பப்பையின் உள்சுவரில் வருவது வேறு, வாயில் வருவது வேறு. வாயில் வருவது எச்.பி.வி. என்ற வைரஸால். நம் நாட்டில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு வருகிறது. பரம்பரை அதில் அற்பம். தடுப்பூசி இருக்கிறது, வருமுன் காட்டும் சோதனை இருக்கிறது. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல, எனக்கு வராது" என்று அந்தச் சோதனைக்கு வராமல் இருக்கிறவர்களைத்தான் நான் அதிகம் இழக்கிறேன்.

அடுத்து, கல்யாணம். அம்மாக்களின் முகத்தில் அந்தக் கவலை தெரிகிறது. "மகளுக்குச் சோதனை எடுத்து இருக்குன்னு வந்தா, யார் கட்டுவாங்க?" வார்த்தின் காலத்திலேயே இந்த அறிவை அப்படிப் பயன்படுத்தினார்கள். இன்னின்ன குடும்பம் இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று பேசிய கூட்டத்தில் அவரும் இருந்தார். இங்கே சட்டம் இன்னும் முழுதாகக் காக்கவில்லை. பரம்பரை நோய் என்று சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாரபட்சம் என்று 2018-இல் டில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதுவரைக்கும் சரி. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்தச் சோதனை அவசரமே இல்லை. அந்த வயதில் உடனே செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தானே முடிவெடுக்கும் வயதில், ஆலோசகரோடு பேசிவிட்டு எடுக்கட்டும். முடிவு அவளுடைய சொத்து. அதை அம்மா கையில் நான் கொடுக்க மாட்டேன்.

ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தேழு வயது, சினைப்பைப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்தவர். பிராக்கா-1 பழுது என்று வந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது சொந்தக்காரர்கள் பட்டியலோடு வாருங்கள் என்றேன். துணிப்பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மொய் நோட்டு! அவருடைய கல்யாணத்தில் எழுதியது. ஊர் வாரியாக, முறை வாரியாக எல்லாச் சொந்தமும் அதில் இருந்தது. நாற்பது வருட அனுபவத்தில் அதைவிட நல்ல பரம்பரைப் பதிவேட்டை நான் பார்த்ததில்லை. நான் வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டே வந்தேன். அவர் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: கூடப் பிறந்தவர், கட்டி வந்தவர், கட்டி வந்தவர், கூடப் பிறந்தவர். ஓர் இடத்தில் விரல் நின்றது. அத்தை மகள், ரூபாய் 51. "இவங்க அம்மாவும் வயித்து வீக்கத்துலதான் போனாங்க. நிலத் தகராறு. பதினஞ்சு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல." நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வச்சிராத, வச்சிராத."

மறுவாரம் மூன்று பேர் வந்தார்கள். அந்த அத்தை மகள், அவருடைய மகள், இவர்களோடு நான் எதிர்பார்க்காத இன்னொருவர், அத்தையின் மகன். லாரி ஓட்டுகிறவர். பெண்களுக்கான பிரிவு என்று எழுதியிருந்த கதவுக்கு வெளியிலேயே நெடுநேரம் நின்றிருக்கிறார். கூப்பிட்டதும் உள்ளே வந்து, சட்டைக் கையை மேலே மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கும் ரெண்டு பொண்ணுக டாக்டர். எங்கிட்டயும் எடுத்துக்கங்க."